சார் வந்ததும் பேசச் சொல்லுங்க

"சார் இல்லையா மேடம்?"

நெட் லைன் பார்க்க வந்த இளைஞர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். சார் ஓசூரில் வேலை பார்க்கிறார், எதுவானாலும் என்னிடம் சொல்லலாம் என்றேன். தலையாட்டிவிட்டுக் கூடத்துக்குள் வந்தார். டிவிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியிலிருந்து எல்லா வயர்களையும் பிடுங்கினார். இரண்டை மட்டும் திரும்பச் செருகினார். தன் போனில் ஏதோ பார்த்துவிட்டு, "வந்திருச்சு மேடம். ரீசெட் பண்ணிட்டேன். என்ன ஏதுன்னு சாருக்கு போன்ல சொல்லிடறேன்" என்றார். சொன்னபடியே, படியிறங்கும்போதே என் கணவரிடம் பேசிக்கொண்டு போனார். அரை மணி நேரம் கழித்துக் கணவர் என்னைக் கூப்பிட்டு, "ஏதோ லூஸ் கான்டாக்டாம்" என்றார். என் வீட்டுக் கூடத்தில் என் கண்முன்னே நடந்தது ஓசூர் வரைக்கும் போய் எனக்குத் திரும்பி வந்தது.

அந்த மாதத்தில் அவர் மூன்று முறை வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் நெட் போகும். ஞாயிறு காலையில் பகுதிநேர ஆய்வாளர்களுக்கு நான் எடுக்கும் இணையவழி வகுப்பு போன் டேட்டாவில் திக்கித் திணறும். திங்கட்கிழமை அவர் வந்து பிடுங்கிச் செருகினால் சரியாகும். நடுவில் புகார் பதிவதே ஒரு பாடு. இணைப்பு கணவர் பெயரில், அவர் எண்ணில் இருக்கிறது. கஸ்டமர் கேரில் என் பெயரைச் சொன்னால், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்பார்கள். அவர் வேலை செய்யும் இடத்தில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். தேநீர் இடைவேளையில் அவர் போனை எடுக்கும்போது ஓடிபி காலாவதி ஆகியிருக்கும். மாதாமாதம் பணம் கட்டுவது என் கணக்கிலிருந்து. அதற்கு மட்டும் யாரும் ஓடிபி கேட்டதில்லை.

"நீ எதையாவது தொட்டியா?" என்று கணவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். நான் எதையும் தொடவில்லை என்றேன். அது பொய் என்று எனக்கே அப்போது தெரியாது.

நான்காவது சனிக்கிழமை இரவு, அம்மாவும் மகளும் தூங்கிய பிறகு, அந்தப் பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். முனைவர் பட்டத்துக்காகப் பாட வேறுபாடுகளோடு சில வருடங்கள் குடித்தனம் நடத்தியவள் நான். ஒரு பாட்டில் ஒரு சொல் பிழையாக இருந்தால், எந்தச் சுவடிவரை அது சரியாக இருந்தது, எதில் மாறியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம். இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏன் மூன்று வாரமாகத் தோன்றவில்லை என்பதுதான் இப்போதும் ஆச்சரியம்.

முதலில் விளக்குகள். ஃபைபர் இணைப்பில் வெளியிலிருந்து ஒளி வராமல் போனால் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரியும். கேபிள் எங்கோ அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். எனக்குச் சிவப்பு எரியவில்லை. பிஓஎன் விளக்கு பச்சையாக, ஆடாமல் நின்றது. அப்படியென்றால் தெருவிலிருந்து வீட்டுச் சுவர்வரை லைன் நன்றாக இருக்கிறது.

அடுத்து, மடிக்கணினியிலிருந்து பெட்டிக்கு. கறுப்புத் திரையைத் திறந்து பிங் என்று அடித்து, பெட்டியின் முகவரியான 192.168.1.1 ஐக் கொடுத்தால், பெட்டி "இருக்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். வழக்கமாக இதற்கு ஆயிரத்தில் சில பங்கு விநாடிதான் ஆகும். பதில் வந்தால் அடுத்தது 8.8.8.8, அதாவது வெளியுலகத்தில் ஒரு முகவரி. அதுவும் பதில் சொல்லி, இணையதளம் மட்டும் பெயரைச் சொல்லித் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. மூன்றே மூன்று கேள்வி. இதைத்தான் சாரிடம் போனில் சொல்கிறேன் என்று இத்தனை நாள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு முதல் கேள்விக்கே பதில் வரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெட்டி கூப்பிட்டால் கேட்கவில்லை. கேபிள் செருகியிருக்கும் துளைகளுக்கான விளக்குகள் மட்டும் திருவிழா சீரியல் பல்புபோல வெறிபிடித்துத் துடித்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் எதையும் பயன்படுத்தவில்லை. பிறகு யாருக்காக இந்தத் துடிப்பு? ஒவ்வொரு வயராகப் பிடுங்கினேன். ஒரு நீல வயரைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின, பிங் பதில் சொல்லியது. அந்த வயரின் மறுமுனை எங்கே போகிறது என்று கையால் தடவிக்கொண்டே போனேன். டிவி மேசைக்குப் பின்னால் ஒரு சுற்று சுற்றி, அதே பெட்டியின் இன்னொரு துளைக்கே வந்து சேர்ந்தது.

முன்பு மகளின் அறையில் இருந்த பழைய கணினிக்காக இழுத்த வயர் அது. கணினி போய்விட்டது, வயர் தொங்கிக்கொண்டிருந்தது. நெட் பையன் வரும்போதெல்லாம் எல்லாவற்றையும் பிடுங்கி வேண்டியதை மட்டும் செருகிவிட்டுப் போவார். தரையில் கிடக்கும் ஒரு முனையையும், பெட்டியில் அதற்கென்றே அளவெடுத்ததுபோல இருக்கும் ஒரு காலித் துளையையும் பார்த்து, இரண்டையும் சேர்த்து வைத்து, அப்பாடா இப்போது ஒழுங்காக இருக்கிறது என்று ஒருத்தி நிம்மதி அடைந்திருக்கிறாள். சனிக்கிழமைதோறும் துடைத்துப் பெருக்குபவள் நான்தான்.

சிரிப்பாக வந்தது, பிறகு வரவில்லை. மூன்று வருடமாக வாரந்தவறாமல் அந்தப் பெட்டியைத் தூக்கித் துடைத்திருக்கிறேன். அதில் எந்தத் துளை எதற்கு என்று எனக்குத் தெரியாது. பெட்டிக்குள் போகும் பாஸ்வேர்ட் கணவருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்றிரவு அவரிடம் கேட்டால், "எனக்கு எப்படித் தெரியும், அந்தப் பையன்தான் போட்டான்" என்கிறார். கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அச்சிட்டே இருந்தன. அந்த ஸ்டிக்கரின் மேலிருந்த தூசியைக்கூட நான் துடைத்திருப்பேன்.

ஒரு பெட்டியின் இரண்டு துளைகளை ஒரே வயரால் இணைத்தால் என்ன ஆகும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் ஒரு செய்தி ஒரு துளையில் வெளியேறி இன்னொன்றில் உள்ளே வரும். புதுச் செய்தி என்று நினைத்துப் பெட்டி அதை மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். இத்தனை சுற்றோடு நின்றுவிடு என்று அந்தச் செய்தியில் எங்கும் எழுதியிருக்காது. சில நொடிகளில் பெட்டி தன் குரலிலேயே மூச்சுமுட்டிப்போகும். பெரிய அலுவலகங்களில் இப்படி ஆகாமல் காப்பதற்கான வழியை 1985இல் கண்டுபிடித்தவர் ரேடியா பெர்ல்மன். அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றியவர். வயர்கள் எப்படிப் பின்னிக் கிடந்தாலும், கருவிகள் தங்களுக்குள் பேசி ஒன்றை வேராகத் தேர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பாதையை மட்டும் திறந்துவைத்து மற்றதை மூடும். திறந்த பாதை அறுந்தால் மூடியதைத் திறந்துகொள்ளும். கிளைகள் உண்டு, சுழல் கிடையாது என்பதால் அதற்கு மரத்தின் பெயர். அதை விளக்கிய ஆய்வுக் கட்டுரையில் அவர் பன்னிரண்டு வரியில் ஒரு கவிதையும் எழுதிச் சேர்த்தார். நூலுக்குப் பாயிரம் வைக்கும் மரபில் வந்தவளுக்கு இது எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. அவரை இணையத்தின் தாய் என்று எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எனக்கும் அது புரிகிறது. ஒரு பெண் எதைச் செய்தாலும் கடைசியில் அதைப் பெற்றெடுத்ததாகத்தான் சொல்கிறார்கள். வீட்டுக்கு வரும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் பெர்ல்மனின் மரம் இருப்பதில்லை.

இந்தப் புது அறிவோடு நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தேன். பக்கத்து வீட்டுக்குப் போய் ரவுட்டரை நிலைக்கண்ணாடி பதித்த பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். சுவரைத் தாண்டி உள்ளறைக்குப் போக 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 தான் ஏற்றது என்று துறையில் சக ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தினேன். அப்போதுதான் என் ஆய்வு மாணவி ஒருத்தி போன் செய்தாள். பெயரும் ஊரும் வேண்டாம். தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள். முன்னால் தேறிய அக்காமார் சிலர் இரவு ஒன்பதிலிருந்து பத்தரைவரை இணையத்தில் பாடம் எடுக்கிறார்கள்.

"மேம், ஒன்பது மணியானா நெட் போயிருது. நீங்க இதெல்லாம் சரிபண்ணுவீங்கன்னு சொன்னாங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. "வீட்ல மத்தவங்களுக்கு வருதா?"

"தம்பி கேம் விளாடிட்டுதான் இருக்கான், மேம்."

அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். என் வீட்டுக் கோளாறு சனிக்கிழமை தவறாமல் வந்ததற்கு ஒரு கை காரணமாக இருந்தது. நேரம் தவறாமல் வரும் கோளாறுக்குப் பின்னால் யாருடைய கை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. படிப்படியாகப் போனேன். போன் வைஃபையில் இருக்கிறதா? இருக்கிறது. 192.168.1.1 திறக்கிறதா? திறக்கிறது. அப்படியென்றால் உனக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒன்றுமில்லை. பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும் பாரு. உள்ளே போனாள். நான் சொல்லச்சொல்ல ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து வாசித்தாள். 'பேரன்டல் கன்ட்ரோல்' என்ற இடத்துக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது.

ஒரே ஒரு வரி இருந்தது. அவளுடைய போனின் பெயர். 21:00 முதல் 06:00 வரை. ஏழு நாளும்.

அவளுக்கு வயது 24. தம்பிக்கு 19.

அன்று நான் செய்ததை இன்றுவரை எனக்குச் சரியென்று சொல்லத் தெரியவில்லை. அந்த வரியை அழித்தால் தெரிந்துவிடும், வேறு வழி இருக்கிறது என்றேன். பெட்டி ஒரு போனை அடையாளம் காண்பது மேக் முகவரி என்ற எண்ணை வைத்து. இப்போதைய போன்களில் வைஃபை அமைப்புக்குள் போனால், போனுடைய சொந்த எண்ணைக் காட்டுவதா, தற்காலிகமாக ஒரு எண்ணைக் காட்டுவதா என்று மாற்றிக்கொள்ளலாம். மாற்றச் சொன்னேன். விதி பழைய எண்ணுக்கு. புது எண்ணோடு அவள் உள்ளே போய்விட்டாள். இருவரும் சிரித்தோம். நான்கு நாள் வகுப்பு கேட்டாள். ஐந்தாம் நாள் பட்டியலில் தெரியாத கருவி ஒன்று இருப்பதைத் தம்பி பார்த்துவிட்டான். இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றினான். அதற்குப் பிறகு அவளுக்குப் பகலிலும் கிடையாது. அவள் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதும் அவன்தான்.

கோளாறைச் சரிசெய்வதுபோல அதைச் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி அங்கே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. அவளிடம் நான் கேட்டிருக்க வேண்டியது, இதைப்பற்றி வீட்டில் யாரிடம் பேசலாம் என்பதை.

பேசியது அவளேதான். "அப்பா சொன்னாரு, நான் செஞ்சேன்" என்றான் தம்பி. ராத்திரி நேரத்தில் பொம்பளப் பிள்ளைக்கு என்ன நெட்டு என்றார் அப்பா. அம்மா எதுவும் சொல்லவில்லை. அன்றிரவு ஒன்பது மணிக்குத் தன் போனைக் கொண்டுவந்து மகளின் பாயில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த போனுக்கு வைஃபை உண்டு, விதி எதுவும் கிடையாது. சீரியல் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு விதி தேவைப்படும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. தேர்வுவரை அவள் அதில்தான் படித்தாள். திரையில் கீறல், கவிதை வரிகள் இரண்டாக உடைந்து தெரியும் மேம் என்று ஒருமுறை சொன்னாள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு என் வீட்டுப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இணைப்பை என் எண்ணுக்கு மாற்றிவிட்டோம். பெட்டியின் பாஸ்வேர்ட் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். பட்டியலைத் திறந்தால் அம்மாவின் போன், என் மடிக்கணினி, மகளின் டேப் என்று எல்லோரும் வரிசையாகத் தெரிகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் நிறுத்திவைக்க ஒரு பொத்தான். பதினொன்றாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, இரவு பன்னிரண்டுவரை டேப் வெளிச்சம். ஒருநாள் பத்து மணிக்குப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

"அம்மா, நெட் போயிருச்சு" என்று வந்தாள்.

"அவங்க பக்கம் ஏதாவது கோளாறா இருக்கும்" என்றேன்.

அவள் கூடத்துக்குப் போனாள். நான் கற்றுக்கொடுத்தபடியே குனிந்து விளக்குகளைப் பார்த்தாள். டேப்பில் எதையோ தட்டிப் பார்த்தாள். பாட்டியின் போனை வாங்கித் தட்டினாள். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"எல்ஓஎஸ் எரியல. பெட்டியோட பக்கம் திறக்குது. ஆச்சி போன்ல எல்லாம் வருது. எனக்கு மட்டும் வரல." கொஞ்சம் பொறுத்து, "யாரும்மா செஞ்சது?" என்றாள்.

நான்தான் என்றேன்.

தேர்வு முடியும்வரை பத்தரை மணி, சனி ஞாயிறு மட்டும் பதினொன்று, நிறுத்துவதானால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிறுத்துவது, பாஸ்வேர்ட் அவளுக்கும் தெரிந்திருப்பது என்று நாங்கள் பேசி முடித்தபோது மணி பதினொன்றே முக்கால்.