மேலே பற்றவைக்கும் அடுப்பு

சுள்ளியை அடுக்கி, அடியில் காகிதத்தைச் செருகிப் பற்றவைத்து, ஊதாங்குழலோடு கண்ணெரியக் குந்தியிருப்பதுதான் நமக்குத் தெரிந்த விறகடுப்பு. டப்பாவில் செய்யும் இந்தச் சின்ன அடுப்பில் விறகை நிரப்பி உச்சியில் நெருப்பு வைக்க வேண்டும். கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வேலை அரைநாள்தான். வெளியே ஒரு லிட்டர் பெயின்ட் டப்பா. அதன் வாயில் இறுக உட்காரும் சின்ன டப்பா உள்ளே. இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் சந்து இருக்க வேண்டும். வெளிச்சுவரில் அடியோரம் துளைகள். உள் டப்பாவின் அடித்தட்டிலும் வாயோரத்திலும் துளைகள். உள்ளே மரக்கட்டையை வைத்துக்கொண்டு ஆணியடித்தால் தகரம் நசுங்காது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகரம் மட்டும் வேண்டாம். அதிகச் சூட்டில் அதன் புகை குளிர்காய்ச்சலில் தள்ளிவிடும். உள்பூச்சு எரிந்துபோகும்வரை முதல் நெருப்பில் சமைக்கவும் கூடாது.

எரிவது விறகு என்கிறோம். கொழுந்துவிடுவது சூட்டில் விறகு கக்கும் வாயு. எரியாமல் தப்பியதைத்தான் புகை என்று திட்டுகிறோம். சந்தில் ஏறும் காற்று சூடாகி, வாயோரத் துளைகளில் பாய்ந்து, தப்பப் பார்க்கும் வாயுவை மடக்கி எரிக்கிறது. ஒவ்வொரு துளையிலும் காஸ் பர்னர்போல் ஒரு சுடர் நிற்கும். பாத்திரத்தை நேரே வாயில் வைத்தால் எல்லாம் கெட்டது. மூன்று கல் வைத்து உயர்த்த வேண்டும்.

அமெரிக்கர் தாமஸ் ரீடும் நார்வேக்காரர் பால் வெண்டல்போவும் 1980களில் தனித்தனியே இந்த வழிக்கு வந்து சேர்ந்தார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் நம் வீடுகளும் டப்பாவை விடவில்லை. நடுவில் ஒரு பாட்டில், பக்கத்துளையில் ஒரு கட்டை, சுற்றிலும் மரத்தூளை இடித்து நிரப்பிப் பாட்டிலையும் கட்டையையும் உருவிவிட்டால் மரத்தூள் அடுப்பு தயார். அப்புறம் மணிக்கணக்கில் விறகு தள்ளும் வேலையே இல்லை. சோறும் குழம்பும் முடிந்து வெந்நீருக்கும் சூடு மிஞ்சும். பொறுமையில் இந்தச் சின்ன அடுப்பு அதற்கு ஈடாகாது.

முகாமுக்கு ஏற்ற அடுப்புதான் என்றாலும் இதைக் காட்டுக்கு நான் எடுத்துப்போவதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததற்குப் பிறகு, காய்ந்த போதைப்புல் நடுவே தீக்குச்சி உரச மனம் வராது. மொட்டைமாடி போதும். சவுக்கு மிலாறு, உடைத்த கொட்டாங்கச்சி, ஒரு சொம்புத் தண்ணீர், டீத்தூள். கொழுந்து அடங்கிக் கரி மட்டும் கனலும்போது அப்பளம் சுடலாம். அதற்கு காஸ் அடுப்பு பக்கத்தில்கூட வராது.