நாடாவில் உறங்கும் குரல்கள்

எழுதிய சொல்லைக் காக்க ஏடு உண்டு. பேசிய சொல்லுக்கோ காற்றைத் தவிர வேறு புகலிடம் இல்லை. வானொலியின் பொற்காலத்தை நினைக்கும்போதெல்லாம் இவ்வுண்மையே என் நெஞ்சில் முதலில் தைக்கிறது. நம் பெற்றோரைச் சிரிக்கவும் கண்கலங்கவும் வைத்த எத்தனையோ நாடகங்கள் ஒலித்த அன்றே மறைந்துபோயின. எஞ்சியவை சிலவே. அச்சிலவும் இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றன.

தமிழருக்கு அப்பொற்காலத்தின் மறுபெயர் இலங்கை வானொலி எனலாம். கொழும்பில் 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமை தன் வீரர்களுக்காக அத்தீவில் ஒரு நிலையத்தை நடத்தியது. போருக்குப் பின் அதன் ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவிகள் இலங்கையின் கைக்கு வந்தன. 1949இல் 'ரேடியோ சிலோன்' என்ற பெயரும், 1950இல் வர்த்தக ஒலிபரப்பும் பிறந்தன. படைகளுக்காக வந்த கருவி பாட்டுக்கும் சிரிப்புக்கும் பயன்பட்டது!

அந்நாளில் இந்தியாவில் நிகழ்ந்த ஒன்றும் கொழும்புக்குத் துணைநின்றது. 1952 முதல் 1962 வரை ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை விரும்பாதவர். அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடம் சுருங்கியது. நேயர்களோ கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பினர். 1957இல் விவித் பாரதி தோன்றுவதற்கு இப்போட்டியும் ஒரு காரணமாயிற்று.

எழுபதுகளில் தென்கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த எனக்கு மயில்வாகனன், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் முகம் அறியாத உறவினர். பாடலுக்கு முன் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் பெயர்களை அவர்கள் ஒழுங்காகச் சொல்வார்கள். உழைத்தவனின் பெயரைச் சொல்லிவிட்டே உழைப்பின் கனியைப் பரிமாறவேண்டும் என்ற பண்பை நான் அவர்களிடமே கற்றேன்.

ஆயினும் பாடல்கள் எப்படியேனும் பிழைத்துக்கொள்ளும்; இசைத்தட்டுகளிலும் திரைப்படங்களிலும் அவை வாழ்கின்றன. பிழைக்க வழியற்றவை நாடகங்களே. சானா எனப்பட்ட சண்முகநாதனின் 'இலண்டன் கந்தையா', சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போன்றவை அச்சிலே முழுமை பெறுபவை அல்ல. 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் நகைச்சுவைத் தொடரை எண்ணிப் பாருங்கள். 1976இல் திரைப்படமாகவும் வந்த படைப்பு அது. எஸ். ராமதாஸ் மரைக்காராக முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசினார்; அப்துல் ஹமீத் ஐயராகப் பேசினார்; ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழைப் பேசினார்; செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசும் தமிழைப் பேசினார். ஒருவர் மற்றவரின் மொழியை நாவில் ஏற்று நடிக்க, அனைவரும் சேர்ந்து சிரித்தனர். ஏளனமற்ற அச்சிரிப்பு எத்துணை அரிய செல்வம்! ஏழே ஆண்டுகளில், 1983 ஜூலையில், அதே தீவு தீப்பற்றி எரிந்தது. பின்வந்த போரில் ஊர்கள் வெறுமையாயின. மக்கள் உலகின் மூலைமுடுக்கெங்கும் சிதறினர். அம்மக்கள் தம் முற்றங்களில் பேசிய தமிழின் ஏற்ற இறக்கத்தை, இழுவையை, இடைநிறுத்தத்தை எந்த அகராதி காத்துத்தரும்? ஒலிப்பதிவு ஒன்றே காத்துத்தரும். ஆகவே பழைய வானொலி நாடகம் வெறும் பொழுதுபோக்கு அன்று. சேர்ந்து வாழ்ந்தோம் என்பதற்கு அது சான்று.

அச்சான்று எதில் இருக்கிறது? மெல்லிய நாடாவில் இருக்கிறது. நெகிழிப் பட்டையின்மீது காந்தத் துகள்களைப் பசையால் ஒட்டிச் செய்வதே ஒலிநாடா. காற்றின் ஈரத்தை ஏற்று அப்பசை நெகிழ்கிறது. நாடாவை ஓட்டும்போது துகள் உதிர்கிறது. துகளோடு குரலும் உதிர்கிறது. ஓட்டும் கருவிகளும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தோரும் அருகிவருகின்றனர். 2025ஆம் ஆண்டுக்குப் பின் இந்நாடாக்களில் பெரும்பாலானவற்றை மீட்க இயலாது போகலாம் என்று 2019இல் யுனெஸ்கோ சார்ந்த திட்டம் ஒன்று உலகை எச்சரித்தது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது நாம் அழுதோம். புகை நம் கண்ணுக்குத் தெரிந்தது. நாடா அழியும்போது புகை எழுவதில்லை. எனவே அழுவாரும் இல்லை.

வானொலி நிலையங்கள்தாமே காக்கவேண்டும் என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடலாமா? நாடா விலையுயர்ந்திருந்த காலத்தில் ஒன்றை அழித்து அதன்மேல் மற்றொன்றைப் பதிவதே உலகின் நிலையங்கள் பலவற்றின் வழக்கம். பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமே தான் இழந்த பழைய நிகழ்ச்சிகள் பலவற்றை நேயர்களின் வீட்டுப் பதிவுகளிலிருந்துதான் மீட்டது. நம் வீட்டுப் பரணிலும் அத்தகைய கேசட்டு ஒன்று கிடக்கலாம் அல்லவா? தந்தை மறைந்தபின் அவருடைய உடைகளைக் கண்ணீரோடு மடித்துவைக்கும் பிள்ளைகள், அவர் பொறுமையாகப் பதிந்த நாடாக்களைப் பழைய பொருள்காரரிடம் போட்டுவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

அன்பு வாசகர்களே, செய்யவேண்டியது கடினமானதன்று. நாடாவை ஈரமும் வெயிலும் படாத இடத்தில், காந்தப் பொருள்களுக்கு அப்பால் நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சை படர்ந்திருந்தால் ஓட்டிப்பார்க்கத் துணியாமல் அறிந்தவரிடம் கொடுங்கள். என்ன நிகழ்ச்சி, எந்த ஆண்டு, பேசியவர் யார் என்பதை வீட்டு முதியவர் நினைவோடு இருக்கும்போதே கேட்டு உறைமேல் எழுதுங்கள். பெயரற்ற குரல் பாதி இறந்த குரல். பின்னர் அதைக் கணினிப் பதிவாக்கி, ஒன்றுக்கு இரண்டு படிகள் வெவ்வேறு இடங்களில் இருக்கச் செய்யுங்கள். ஈழத்தமிழரின் எழுத்துச் செல்வத்தைக் காக்கத் தன்னார்வலர்கள் 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் இன்று ஒலி ஆவணங்களையும் சேர்க்கிறது. அரசு ஆணையோ பெருஞ்செல்வமோ இன்றித் தொடங்கிய பணி அது.

முகம் காணாமலே நம்மை நேசித்தவர்கள் அந்த அறிவிப்பாளர்கள். நம் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்கு நேயர்களாகட்டும்.