பொருநை கலக்கும் கடலிலே

பொதிகை மலையை விட்டு இறங்கும் பொருநையாறு சமவெளியில் கால் வைக்கும் இடம் பாபநாசம். அதனை ஒட்டி, ஆற்று நீரின் விசையால் பஞ்சாலை எழுந்து வளர்ந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். மலைமேல் காரையாற்றுப் பக்கம் நீர்நாய்கள் கூட்டமாக மீன் பிடித்துண்ணும் கதையைக் கேளாத பிள்ளை இவ்வூரில் அரிது. ஆதலால் அன்று ஒரு சிறுவன் கேட்ட கேள்வி எங்களுக்கு வியப்பளிக்கவில்லை.

கோடை விடுமுறையில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, ஆற்றின் போக்கிலேயே அது கடலோடு கலக்கும் புன்னைக்காயல் வரை சென்று வர எண்ணினோம். பேருந்து புறப்படுமுன் அச்சிறுவன் அருகில் வந்தான். “சார், சுறாமீன் கரை ஓரத்துக்கே வந்து கடல்நாயைக் கவ்விக்கொண்டு போகிறதைப் படத்தில் பார்த்தேன். நாம் போகிற கடலில் கால் நனைக்கலாமா?” என்றான். மற்றப் பிள்ளைகள் நகைத்தனர். ஆனால் கேட்டவனின் முகத்தில் உண்மையான அச்சம் இருந்தது.

அம்பாசமுத்திரம் தாண்டுமுன் அவனுக்கு விடை சொல்லத் தொடங்கினோம். கடல்நாயை வேட்டையாடும் சுறாக்களுள் தலையாயது பெருவெள்ளைச் சுறா. தென்னாப்பிரிக்காவின் பால்ஸ் வளைகுடாவில் கடல்நாய்கள் குடியிருக்கும் சிறு தீவு ஒன்றுண்டு. இரை தேடித் திரும்பும் இளங்கடல்நாய்களை, விடியற்கால மங்கலில், நீரின் ஆழத்திலிருந்து அம்புபோல் மேலெழுந்து அது முன்பு தாக்கி வந்தது. ஹவாய்த் தீவுகளிலோ கலாபகஸ் சுறா முழங்காலளவு நீருக்கே வந்து கடல்நாய்க் குட்டிகளைப் பற்றுவதுண்டு. நம் நாட்டுக் கரைகளில் கடல்நாய்க் கூட்டம் கிடையாது. எனவே நீ படத்தில் கண்ட வேட்டை இங்கே நடப்பதில்லை என்றோம்.

“அப்படியானால் ஆற்றில் ஏறி நம் படித்துறைக்குச் சுறா வருமா?” என்றாள் ஒரு சிறுமி. காளைச்சுறா என்றோர் இனம் நன்னீரிலும் நெடுந்தூரம் ஏறவல்லது. ஆனால் நம் ஊர்ப் படித்துறையை எட்ட ஸ்ரீவைகுண்டம் தொடங்கிப் பல அணைக்கட்டுகளைத் தாண்ட வேண்டும் என்றதும் பேருந்து முழுதும் சிரிப்பொலி எழுந்தது.

திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் வழியாக நண்பகலில் புன்னைக்காயலை அடைந்தோம். 1586-இல் அச்சேறிய ‘அடியார் வரலாறு’ என்னும் நூலைத் தமிழுக்குத் தந்த அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து பணியாற்றிய ஊர் இது. புனித சவேரியார் 1542-இல் வந்து நடந்த முத்துக்குளித்துறைக் கரையும் இதுவே.

இக்கரையில் முத்துக் குளித்தோருக்குச் சுறா பேரச்சமாயிருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, பெருமீன்களை மந்திரத்தால் கட்டிவைப்போருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலியாகக் கொடுக்கப்பட்டதை எழுதியிருக்கிறார். மாலையில் அக்கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் எவரும் திருட்டாக மூழ்காதிருக்க அதுவே காவல்! பிற்காலத்தில் இவர்களுக்குக் ‘கடல்கட்டி’ என்று பெயர். இலங்கைக் கரையில் அத்தொழிலைப் பரம்பரையாகச் செய்த குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று 1861-இல் வெளியான தம் நூலில் டென்னென்ட் என்னும் அயர்லாந்துக்காரர் குறித்துள்ளார். உண்மையில் முத்துக்குளிப்பில் சுறாவால் நேர்ந்த விபத்து மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான படகுகளின் ஆரவாரமே சுறாவை விரட்டியது போலும். மந்திரம் அடக்கியது சுறாவையன்று. மூழ்குவோரின் நெஞ்சிலிருந்த அச்சத்தையே.

கடல்நாய் இல்லாத இக்கடலில் சுறாவுக்கேற்ற பேரிரை வேறொன்று உண்டு. அதுவே கடற்பசு, கரையோர மக்கள் ஆவுளியா என்பர். கடற்புல்லை மேய்ந்து, குட்டிக்குப் பாலூட்டி வாழும் சாதுவான உயிர். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் புலிச்சுறா கடற்பசுவை வேட்டையாடுகிறது. சுறா மிகுந்த காலத்தில் கடற்பசுக்கள் ஒரே இடத்தில் நின்று புல்லை வேரோடு தோண்டாமல் இடம் மாறி மேய்வதையும், அதனால் கடற்புல்வெளி அழியாது காக்கப்படுவதையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கொல்லும் சுறாவும் ஒருவகையில் காவற்காரனே என்பது படைத்தவரின் ஞானம்.

புலிச்சுறா மன்னார் வளைகுடாவிலும் உண்டு. ஆயினும் இங்கே கடற்பசுவைச் சில நூறாகக் குறைத்தது சுறாவன்று. இறைச்சிக்காக நடந்த வேட்டையும், மூச்சுவிட மேலெழ முடியாமல் சிக்கவைக்கும் வலைகளுமே. மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே குட்டி ஈனும் உயிர், இழந்ததை எப்படி ஈடுசெய்யும்? 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பாதுகாப்பளித்தது. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுரகிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது.

கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் சிறுவன் துணிந்து கேட்டான்: “தாத்தா, இங்கே சுறா உண்டா?” அவர் தலை நிமிர்ந்தார். “உண்டு, தம்பி. கொம்பன் சுறா, பிள்ளை பெற்ற தாய்க்குப் புட்டு அவித்துக் கொடுக்கும் பால்சுறா, எல்லாம் உண்டு. ஆனால் முன்போல் வலையில் விழுவதில்லை. அது நம்மைத் தின்னும் என்று என் அப்பன் பயந்தார், அது இல்லாமல் போகுமோ என்று நான் பயப்படுகிறேன்” என்றார்.

சிறுவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு மெல்ல நீரில் இறங்கினான். அலை அவன் காலடியில் கொண்டுவந்து சேர்த்தது சுறாவையன்று, ஒரு ஞெகிழிப் பையையும் கந்தல் துணியையும். “இது நம் ஊர் ஆற்றிலிருந்து வந்ததா, சார்?” என்றான். “இருக்கலாம்” என்பதைத் தவிர எங்களிடம் மறுமொழி இல்லை.

அன்பார்ந்த பெற்றோரே, விக்கிரமசிங்கபுரத்துப் படித்துறையில் நாம் கைவிடும் கழிவு, அத்தனை அணைக்கட்டுகளையும் வெள்ளக்காலத்தில் தாண்டி, கடற்பசு மேயும் கடலை அடைகிறது. சுறாவால் ஏறிவர இயலாத வழியில் நம் குற்றம் எளிதாக இறங்கிச் செல்கிறது. படைப்பைப் பேணுதல் விசுவாசக் கடமை என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் வற்புறுத்தினார். அக்கடமை நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது. திரும்பும் வழியில் அச்சிறுவன் அந்தப் பையை மடித்துத் தன் மடியிலேயே வைத்திருந்தான். ஊர் வந்து சேரும்வரை அதனைக் கீழே போடவில்லை.