காரை மேட்டுல ஒரு நாள் நடை

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து நடைப்பயணக் குழு ஒண்ணு வந்திருந்தது. பெரியவங்க, பிள்ளைங்க எல்லாம் சேர்த்து 14 பேர். காரையிலிருந்து குளக்காநத்தம் பக்கம் வரைக்கும் நடக்கணும், வழி காட்ட ஆள் வேணும்னு தெரிஞ்சவர் மூலமா கேட்டாங்க. மக்காச்சோளம் அறுத்தாச்சு, காட்டுல வேலையில்ல. சரின்னு கிளம்பிட்டேன்.

பெரம்பலூர் மாவட்டத்துல இப்படி ஒரு இடம் இருக்கறது நிறைய பேருக்குத் தெரியாது. மழை அறுத்து அறுத்துப் போட்ட களிமண் மேடுகள். புல்லு பூண்டு அதிகம் இல்ல. வெயில்ல ஜிப்சம் துண்டுகள் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும். "ஆடு மேயக்கூட ஆகாத பூமி"ன்னு எங்க அப்பா சொல்வார். அங்க தோட்டா மாதிரி நீளமா கூரான கல்லுங்க கிடக்கும். சின்ன வயசுல நாங்க அதைக் கவண்ல வச்சு அடிச்சிருக்கோம்.

குழுவுல வந்த ஒரு டீச்சரம்மா அதைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, "இது பெலம்னைட். கணவாய் மீன் வகை. அதோட உடம்புக்குள்ள இருந்த பகுதிதான் இது"ன்னாங்க. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க கடல் இருந்ததாம். 1862-லயே பிளான்ஃபோர்டுங்கற வெள்ளைக்காரர் இந்தப் பாறைகளைப் பத்தி எழுதி வச்சிருக்காராம். நாங்க கவண்ல அடிச்சு வீணாக்குனது எத்தனையோ!

கிழக்கே போகப் போக களிமண் முடிஞ்சு கல்லு ஆரம்பிக்குது. சிப்பி சிப்பியா பதிஞ்ச சுண்ணாம்புக்கல். மதியம் வேப்பமரத்தடியில கட்டுச்சோத்தைப் பிரிச்சோம். அப்பதான் தரகர் போன் பண்ணார். எங்க ரெண்டு ஏக்கர்ல ரெண்டடி தோண்டினா சுண்ணாம்புக்கல்தான். சுரங்கத்துக்குக் கேக்கறாங்க. தம்பி அவன் பங்கை ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டான். "அடுத்த வாரம் சொல்றேங்க"ன்னு வச்சுட்டேன்.

சாப்பிட்டு எழுந்தப்ப ஒரு பையன், ஏழாவது படிக்கிறவன், சிப்பிக்கல் ஒண்ணைப் பையில போட்டான். "தம்பி, அது இங்கயே கிடக்கட்டும். ஆளுக்கு ஒண்ணு எடுத்தா அடுத்து வர்றவங்களுக்கு என்ன இருக்கும்?"னேன். உடனே கீழ வச்சுட்டான். கொஞ்ச தூரம் பேசாம கூட நடந்தவன் மெதுவா கேட்டான்: "அங்கிள், போன்ல நிலத்தை விக்கறதுக்குத்தானே பேசினீங்க? அவங்க லாரி லாரியா எடுத்துட்டுப் போவாங்கல்ல?"

அவங்க அம்மா அதட்டினாங்க. விடுங்கம்மா, அவன் கேட்டது நியாயம்தானேன்னேன். ஆனா பதில் வரல.

என் வீட்டுச் செவுத்துலயும் சிமெண்டுதான் இருக்கு, உங்க மாடி வீட்டுலயும்தான். பொண்ணு கல்யாணக் கடன் இன்னும் அடையல. பக்கத்துல குழி ஆழமா ஆழமா என் கிணத்துத் தண்ணி கீழ போகுது. விக்காம இருந்தா எத்தனை வருஷம் வெள்ளாமை பண்ண முடியும்னு தெரியல. இதையெல்லாம் ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு எப்படிச் சொல்றது?

சாயங்காலம் அவங்களை பஸ் ஏத்தி விட்டுட்டு காட்டுக்குப் போனேன். வரப்போரம் அப்பா பொறுக்கிப் போட்ட கல்லுக் குவியல் இன்னும் கிடக்கு. அதுல ஒண்ணை எடுத்துத் துடைச்சுப் பார்த்தேன். சிப்பியோட வரி வரியான கோடு அப்படியே இருந்தது. அம்பது வருஷமா கால்ல இடறின கல்லை அன்னைக்குத்தான் பார்க்கறேன்.

தரகருக்கு இன்னும் பதில் சொல்லல.