ஸ்போர்ட் பட்டனை அழுத்தினா என்ன மாறுது?

கார் ரிவ்யூ வீடியோ பார்க்கிற பழக்கம் இருந்தா இந்தக் காட்சியைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ரிவ்யூ பண்றவர் முதல்ல கம்ஃபர்ட் மோடில் கொஞ்ச தூரம் ஓட்டுவார். "சோஃபா மாதிரி இருக்கு" என்பார். அப்புறம் ஸ்போர்ட் பட்டனை அழுத்துவார். "வண்டி அப்படியே இறுகிடுச்சு பாருங்க!" கீழே கமெண்ட்ல நம்ம ஆளுங்க தீ எமோஜியா போட்டுத் தள்ளியிருப்பாங்க.

இறுகினது எது? இறுகினா வண்டி ஏன் நல்லா திரும்பணும்? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் நம்ம டைனமிக்ஸ் புத்தகத்துலயே இருக்கு. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பசங்க மட்டும்தான் படிக்கணும்னு இல்லை, மத்த டிபார்ட்மெண்ட் ஆளுங்களும் தைரியமா உள்ளே வரலாம்.

பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்த பட்டன் ஸ்பிரிங்கைத் தொடுறதே இல்லை. காயில் ஸ்பிரிங் என்பது ஒரு இரும்புச் சுருள். ஓடிக்கிட்டு இருக்கும்போது அதோட கடினத்தை மாத்த முடியாது. ஏர் சஸ்பென்ஷன் வண்டிகளை இப்போதைக்கு விட்டுடுவோம். மாறுறது டேம்பர், அதாவது நாம ஷாக் அப்சார்பர்னு சொல்ற சமாச்சாரம். ஸ்பிரிங், எவ்வளவு தூரம் அமுங்குதோ அந்த அளவுக்கு எதிர்க்கும். டேம்பர், எவ்வளவு வேகமா அமுங்குதோ அந்த அளவுக்கு எதிர்க்கும். வண்டி சும்மா நிக்கும்போது டேம்பருக்கு வேலையே கிடையாது. இந்த வித்தியாசத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, மீதி எல்லாம் இதுலயிருந்துதான் வரும்.

ஒரு பட்டனால் டேம்பரை எப்படி மாத்துறாங்க? ஒரு வழி, உள்ளே ஆயில் போற பாதையில் ஒரு மின்சார வால்வு வைக்கிறது. பாதை சுருங்கினா ஆயில் கஷ்டப்பட்டுப் போகும், டேம்பர் இறுகும். இன்னொரு வழி இதைவிட சுவாரசியம். ஆயில்ல நுண்ணிய இரும்புத் துகள்களைக் கலந்து, பிஸ்டனுக்குள்ள ஒரு காயில் வைக்கிறாங்க. கரண்ட் கொடுத்தா காந்தப்புலம் உருவாகும், துகள்கள் சங்கிலி மாதிரி வரிசை கட்டி நிக்கும், ஆயில் சில மில்லி செகண்டுல கெட்டியாகிடும். இந்த வகைத் திரவத்தை 1940களில் அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோ உருவாக்கினார். கார் சஸ்பென்ஷனுக்கு அது வர அரை நூற்றாண்டு ஆச்சு. மேக்னரைடு என்ற பெயரில் 2002ல் கேடிலாக் செவில் எஸ்டிஎஸ் காரில் முதல்ல வந்தது, அடுத்து கார்வெட், 2006ல் ஃபெராரி 599.

சரி, இறுக்கினா நல்லதா? இப்போ கொஞ்சம் நம்பர் பார்ப்போம், பயப்படாதீங்க, சிம்பிள்தான். ஒரு சக்கரத்துக்கு மேல 350 கிலோ எடை. ஸ்பிரிங் ஒரு மீட்டருக்கு 35,000 நியூட்டன். இதோட இயற்கை அதிர்வெண் சுமார் 1.6 ஹெர்ட்ஸ். அதாவது பாடியை ஒரு தடவை அமுக்கி விட்டா, ஒரு செகண்டுக்கு ஒன்றரை தடவை மேலயும் கீழயும் ஆடும். கிரிட்டிக்கல் டேம்பிங் 7,000. டேம்பர் 2,100 கொடுத்தா டேம்பிங் ரேஷியோ 0.3. சாதாரண ரோடு கார்கள் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் இருக்கும்.

இப்போ டிரான்ஸ்மிஸிபிலிட்டி கிராஃபை ஞாபகப்படுத்திக்கோங்க. வெவ்வேறு டேம்பிங் ரேஷியோவுக்கு வெவ்வேறு கோடு. ஆனா எல்லாக் கோடும் ஒரே ஒரு புள்ளியில் வெட்டிக்கும்: இயற்கை அதிர்வெண்ணைப் போல ரூட் 2 மடங்கு. நம்ம உதாரணத்துல அது சுமார் 2.3 ஹெர்ட்ஸ். அந்தப் புள்ளிக்கு இடதுபக்கம் டேம்பிங் அதிகமா இருந்தா ஆட்டம் குறையும். வலதுபக்கம் தலைகீழ். டேம்பிங் அதிகமா இருந்தா அதிர்வு அதிகமா உள்ளே வரும்.

மோடு பட்டனோட முழு ரகசியமும் இந்தப் புள்ளிதான். திருப்பத்துல வண்டி சாயுறது, பிரேக் பிடிச்சா மூக்கு இறங்குறது, பெரிய மேடு ஏறி இறங்கினதும் படகு மாதிரி மிதக்கிறது, இதெல்லாம் இடதுபக்கம். ரோட்டு விரிசல், ஒட்டுப்போட்ட தார், கான்கிரீட் ஜாயிண்ட், இதெல்லாம் வலதுபக்கம். அதுலயும் மனுஷ உடம்பு செங்குத்து அதிர்வை அதிகமா உணர்ற இடம் 4லிருந்து 8 ஹெர்ட்ஸ். அதுவும் வலதுபக்கம்தான். ஸ்போர்ட் மோடு இடதுபக்கத்தைச் சரி பண்ணி, வலதுபக்கத்தை விட்டுக் கொடுக்குது. கம்ஃபர்ட் மோடு அப்படியே எதிர்.

"கம்ஃபர்ட் போனா போகட்டும், கிரிப் கிடைக்குதுல்ல?" இதான் அடுத்து வர்ற கேள்வி. இங்கதான் நிறைய பேருக்கு ஒரு நம்பிக்கை: கெட்டியான வண்டி நல்லா திரும்பும். பாதி உண்மை.

1,500 கிலோ கார், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், இடது வலது சக்கரத்துக்கு நடுவே 1.6 மீட்டர். 1 ஜி வேகத்தில் திரும்பினா உள்பக்கச் சக்கரங்கள்லயிருந்து வெளிப்பக்கத்துக்கு சுமார் 4,600 நியூட்டன் இடம் மாறும். கிட்டத்தட்ட 470 கிலோ எடைக்குச் சமம். இந்தக் கணக்குல டேம்பர் எங்கேயாவது வருதா? வராது. நீங்க எந்த மோடுல இருந்தாலும் அதே 470 கிலோதான் மாறும். டேம்பர் மாத்துறது அது எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு ஒழுங்கா மாறுதுன்னு மட்டும்தான். ஸ்டீயரிங்கைத் திருப்பின அந்த முதல் அரை செகண்டுல வண்டி தயங்காம சாய்ஞ்சு நிலைக்கு வருது. கைக்கு அது துல்லியமா தெரியுது. ரிவ்யூக்காரர் சொல்ற "இறுகிடுச்சு" இதான். பொய் இல்லை. ஆனா நீண்ட திருப்பத்தின் நடுவுல, வண்டி ஒரு நிலைக்கு வந்தப்புறம், வழவழப்பான ரோட்டுல ரெண்டு மோடுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ரோடு கரடுமுரடா இருந்தா கதையே வேற. டயர் ரோட்டை அமுக்குற விசை ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். எடை ஏறும்போது டயர் கிரிப் அதே விகிதத்துல ஏறாது, கொஞ்சம் கம்மியாத்தான் ஏறும். அதனால ஒரு நொடி 500 கிலோ, அடுத்த நொடி 300 கிலோன்னு ஆடுற டயர், நிலையா 400 கிலோவில் இருக்கிற டயரைவிடக் குறைவான கிரிப்தான் கொடுக்கும். ரொம்ப இறுகின டேம்பர் சக்கரத்தை ரோட்டோட ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர விடாது. வண்டி துள்ளும். மழை நாள்ல, மோசமான ரோட்டுல ஸ்போர்ட் மோடு போட்டா சொகுசு மட்டும் போகாது, பிரேக் பிடிக்கிற தூரமும் சேர்ந்து கூடலாம்.

இதை ஃபெராரி பட்டன் வடிவத்துலயே ஒத்துக்கிட்டாங்க. 2007ல் வந்த 430 ஸ்குடேரியா ரேஸுக்காகவே உடம்பைக் குறைச்ச கார். அதோட ஸ்டீயரிங்ல இருக்கிற திருகைத் திருப்பினா இன்ஜின், கியர், டிராக்ஷன் கண்ட்ரோல், டேம்பர் எல்லாம் சேர்ந்து மாறும். ஆனா கூடவே தனியா ஒரு பட்டன் வெச்சாங்க. ரேஸ் செட்டிங்லயே இருந்துக்கிட்டு டேம்பரை மட்டும் சாஃப்ட் ஆக்கலாம். மேடுபள்ளமான ரோட்டுல வேகமா போகத்தான் அந்த சாஃப்ட் டேம்பர். அதே வருஷம் அறிமுகமான நிசான் ஜிடி-ஆர் ஆர்35ல் கியருக்கு ஒண்ணு, சஸ்பென்ஷனுக்கு ஒண்ணு, ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலுக்கு ஒண்ணுன்னு மூணு தனித்தனி சுவிட்ச். உங்களுக்குக் கூர்மையான இன்ஜின் வேணும், முதுகு உடையாத சஸ்பென்ஷனும் வேணும்னா ரெண்டையும் ஒரே காரில் வெச்சுக்கலாம். ஒரே பட்டன்ல எல்லாத்தையும் கட்டிப் போடுற கார்கள்ல அந்த வசதி கிடையாது.

மெக்லாரன் 2011ல் எம்பி4-12சி காரில் இன்னும் ஒரு படி மேல போனாங்க. சாதாரண கார்ல இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரு இரும்புக் கம்பி இணைக்கும், ஆன்டி ரோல் பார். வண்டி சாயாம பார்த்துக்கும், ஆனா இடது சக்கரம் பள்ளத்துல விழுந்தா வலதுபக்கத்துக்கும் அடி போகும். 12சி-யில் அந்தக் கம்பியே இல்லை. நாலு டேம்பரையும் ஹைட்ராலிக் குழாயால இணைச்சுட்டாங்க. வண்டி சாயும்போது மட்டும் எதிர்க்கும், ஒரு சக்கரம் தனியா ஏறி இறங்கினா விட்டுக் கொடுக்கும்.

இன்னொரு விஷயம், இப்போ வர்ற கார்கள்ல மோடு என்பது நிலையான ஒரு கடினம் இல்லை. 1974ல் கார்னப், கிராஸ்பி, ஹார்வுட் மூணு பேரும் எழுதின ஆய்வுக் கட்டுரையிலயிருந்து வளர்ந்த யோசனை இது. பேரு ஸ்கைஹூக். வானத்துல ஒரு கொக்கி மாட்டி பாடியைப் பிடிச்சுக்கிட்டா எப்படி இருக்குமோ அப்படி. வானத்துல கொக்கி மாட்ட முடியாதே, அதனால ஒரு விதி. பாடி மேல போகும்போது டேம்பர் விரியுதுன்னா அது பாடியைக் கீழே இழுக்கும், நல்லது, இறுக்கு. பாடி மேல போகும்போது டேம்பர் அமுங்குதுன்னா அது பாடியை இன்னும் மேல தள்ளும், கெட்டது, தளர்த்து. கம்ப்யூட்டர் இதை ஒரு செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவை முடிவு பண்ணும். பட்டன் சொல்றது, எந்தப் பக்கம் சாய்ஞ்சு முடிவெடுக்கணும்னு மட்டும்தான். போர்ஷே 997ல் நார்மல் மோடுலயே நீங்க வேகமா ஓட்ட ஆரம்பிச்சா டேம்பர் தானா இறுகிக்கும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நாங்க இதே கணக்கைத்தான் மேட்லேப்ல ஓட்டினோம், குவார்ட்டர் கார் மாடல். மேல சொன்ன நம்பரோட சக்கரத்துக்கு 40 கிலோ, டயருக்கு மீட்டருக்கு 2,00,000 நியூட்டன். பாடி அதிர்வு குறைவா வேணும்னா டேம்பிங் ரேஷியோ 0.22 பக்கம். டயர் விசை நிலையா வேணும்னா 0.36 பக்கம், அதைத் தாண்டினா கிராஃப் திரும்ப ஏறுது. ஸ்டீயரிங் திருப்பினதும் பாடி ஒரே மூச்சுல அடங்கணும்னா 0.7 பக்கம். ரிவ்யூல கேட்டாங்க: "ஆப்டிமம் வேல்யூ என்ன?" என் டீம்மேட் சொன்னான், "எதுக்கு ஆப்டிமம் சார்?" பேனலுக்குப் பிடிக்கலை. ஒரு நம்பரோட வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல பெரிய வாக்குவாதம். 0.4ன்னு போட்டு முடிச்சுடலாம், மார்க் வந்துடும்னு ஒரு கட்சி. கடைசியில் மூணு வரி டேபிளையே வெச்சோம். பக்கத்துல ஒரு காலம் மட்டும் சேர்த்தோம்: எந்த நிலைமைக்கு. வழவழப்பான டிராக்ல முதல் ரெண்டும் பெரிய பிரச்சனை இல்லை, 0.7க்குப் போகலாம். மோசமான ரோட்டுல டயரைக் காப்பாத்தணும், 0.36க்கு இறங்கணும். ஊருக்கு நீண்ட பயணம்னா 0.22. ரெண்டு மார்க் போயிருக்கலாம். ஆனா ஒரே நம்பர் சரியா இருந்திருந்தா எந்த கம்பெனியும் மோடு பட்டன் வைக்கவே தேவை இருந்திருக்காது.

இதை ஏன் இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, நம்ம வட்டத்துலயே இன்னும் ஸ்பிரிங் வெட்டுற வேலை நடக்குது. பழைய ஹேட்ச்பேக் வாங்கி, ஸ்பிரிங்ல ரெண்டு சுருளை வெட்டி, வண்டியை இறக்கி, "ஸ்போர்ட் மோடு போட்டாச்சு"ன்னு ஸ்டோரி போடுறாங்க. எட்டு சுருள் ஆறானா ஸ்பிரிங் கடினம் 33 சதவீதம் ஏறும். டேம்பர் பழசுதான். நம்ம கணக்குல டேம்பிங் ரேஷியோ 0.3லிருந்து 0.26க்கு இறங்கிடும். வண்டி கெட்டியாவும் ஆச்சு, அடங்காமலும் ஆச்சு. அமுங்குறதுக்கு மிச்சம் இருந்த இடமும் குறைஞ்சதால ஒரு நல்ல பள்ளத்துல பம்ப் ஸ்டாப்ல போய் இடிக்கும், அதுவும் திருப்பத்தின் நடுவுலன்னா பின்பக்கம் சட்டுனு வழுக்கிடும். ஸ்போர்ட் பட்டன் செய்றதுக்கு நேர் எதிரான வேலை இது.

வெட்ட நினைக்கிற ஃபிரெண்ட் யாராவது இருந்தா இந்த ஒரு பாராவை மட்டுமாவது அனுப்பி வைங்க. நம்பலைன்னா 350, 35,000, 2,100 மூணையும் கொடுத்து அவரையே கணக்கு போட்டுப் பார்க்கச் சொல்லுங்க, ஒரு கால்குலேட்டர் போதும்.