மழைக்காலச் சைக்கிள்

“மழைக்கென்று ஒரு சைக்கிள், வெயிலுக்கென்று ஒரு சைக்கிளா?” என்று என்னைக் கேட்காத சிநேகிதர் இல்லை. அவர்கள் வீட்டில் குடை இரண்டு உண்டு; செருப்பு மூன்று ஜோடி உண்டு. சைக்கிள் விஷயத்தில் மட்டும் ஏகபத்தினி விரதம்!

இந்த ஏற்பாடு என் கற்பனையன்று. குளிர் தேசங்களில் பனிக்கட்டியை உருக்குவதற்காகச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு நீர் இரும்பை அரித்துவிடும். ஆகவே நல்ல வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, பழைய வண்டியொன்றில் ஆணி பதித்த டயரை மாட்டிக்கொண்டு புறப்படுவோர் அங்கே பலர். பின்லாந்து தேசத்து ஓலு நகரில் 2013-ஆம் வருஷம் குளிர்காலச் சைக்கிள் பிரயாணத்துக்கென்றே ஒரு மகாநாடும் கூடிற்று.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? ஏற்காட்டில் கம்பளி போர்த்துகிற நாளிலும் கீழே நாம் விசிறியைத் தேடுகிறவர்கள். நமக்கு வாய்த்த சத்துரு சேறுதான். ஆவணி முதல் கார்த்திகை வரையில், சேர்வராயன் மலைப்பக்கம் வானம் கறுத்தால், சற்று நேரத்தில் தெருவெல்லாம் செம்மண் குழம்பு. மணல் கலந்த அந்த நீர் சங்கிலியை அரம்போல் ராவுகிறது; பால்ரஸிலுள்ள கிரீஸைக் கழுவிக்கொண்டு போகிறது. எஃகு ரிம் நனைந்துவிட்டாலோ, பிரேக் கட்டை பிடிப்பதற்குப் பதில் வழுக்குகிறது.

என் மழைக்காலச் சைக்கிள் தகப்பனார் வைத்திருந்த ஹெர்குலிஸ். 1949-ல் சென்னையில் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. சங்கிலியை முழுதும் மூடிய கவசம், அகன்ற மட்கார்டு, கம்பி பிரேக். மழைக்கென்றே பிறந்த ஜாதகம்! இருபது வருஷமாக அந்த மாதங்களில் எனக்கு வேறு வாகனமில்லை. வீடு திரும்பியதும் ஈரத்தைத் துடைத்து, ரிம்முக்குத் தேங்காயெண்ணெய் தடவுவேன். தை பிறந்ததும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து நிறுத்திவிடுவேன். நனைந்த பிரேக்கை நம்பாமல் பத்தடி முன்னதாகவே வேகத்தைக் குறைக்கும் நிதானம் அதனிடம் கற்றதே. வெயில் காலத்திலும் அது என்னை விடவில்லை.

ஆரம்பத்தில் என் மனையாளுக்கு அந்த வண்டியைக் கண்டால் ஆகாது. துடைத்த தாழ்வாரத்தில் சேற்றுக் கோடு இழுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? பிறகு 2016-ஆம் வருஷம் வந்தது. தமிழ்நாடெங்கும் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் போயிற்று. தெருக் குழாயடியில் குடங்கள் வரிசையில் காத்திருந்தன. எண்ணெய் பூசிய சைக்கிள் ஒரு பொட்டுச் சேறுமின்றிப் பளபளவென்று நின்றது. அந்தப் பளபளப்பைப் போல் என் மனத்தை வருத்திய காட்சி வேறில்லை.

இப்பொழுது முழங்கால் சற்று முணுமுணுக்கிறது. பழைய இரும்புக்காரர் வண்டியைத் தூக்கிப் பார்த்து ஒரு விலையும் சொல்லிவிட்டார். நான் பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து குரல் வந்தது: “அது இருக்கட்டும். அதை விற்றுவிட்டால், பிறகு மழை யாரை நம்பி வரும்?”

பிரேக் கட்டை நான்கையும் புதிதாக மாற்றி வைத்திருக்கிறேன்.