உப்புக்கு ஒரு நேரம், மீனுக்கு ஒரு நேரம்

உப்பை வெள்ளையாகப் படம் எடுக்கத் தெரிந்துவிட்டால் இந்தத் தூத்துக்குடிக் கரையில் பாதித் தொழில் கைவந்துவிடும். கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் கணக்குப் போடும். அதன் போக்கில் விட்டால் உப்பு அம்பாரம் அடுப்புச் சாம்பல்போல் பதிவாகும். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் பரல் கரைந்து வெறும் தாளாகிவிடும். பரல் பரலாகத் தெரிய, வெயில் எதிரே கொஞ்சம் பக்கம் சாய்ந்து விழ வேண்டும். கீழவைப்பாரைச் சுற்றியுள்ள அளங்களில் பொழுது கிளம்பி ஒரு மணி நேரம்தான் அந்த வெளிச்சம் நிற்கும். அளத்து வேலை விடியுமுன்பே தொடங்கிவிடுவதால் வாருபலகையோடு ஆட்களும் இருப்பார்கள். சென்னையிலிருந்து வரும் குழு பத்து மணிக்கு வந்து இறங்கினால், எவ்வளவு விலையுள்ள லென்ஸ் இருந்தாலும் அந்த வெளிச்சம் கிடைக்காது. எந்தப் பொருள் எப்போது படத்துக்கு வரும் என்ற இந்த அறிவைத்தான் நான் விற்கிறேன்.

மீனுக்கு இன்னும் குறைந்த நேரம். நாட்டுப்படகு கரை தொட்டதும் சீலாவின் முதுகில் ஒரு நீலப்பச்சை மினுக்கம் ஓடும். ஏலம் முடிவதற்குள் அது மங்கத் தொடங்கிவிடும். ஐஸ்கட்டி நேராகப் பட்டால் கண் வெளுத்துப்போகும். அதனால் முதல் நாளே, “அண்ணாச்சி, நல்லதா ரெண்டு சீலா எனக்கு ஒதுக்கி வைங்க, ஏல வெல தந்துருதேன்” என்று சொல்லிவைத்துவிடுவேன். ஈரத்துணியில் சுற்றி, நிழலில் வைத்து, அங்கேயே எடுப்பேன். போலரைசர் போட்டால் செதிலின் கண்கூசும் பளபளப்பு அடங்கும். முழுக்கத் திருப்பினால் மீன் காய்ந்ததுபோல் ஆகிவிடும், பாதியில் நிறுத்த வேண்டும். வெளுத்த கண்ணைக் கணினியில் கறுப்பாக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர் பிறகு பெட்டியைத் திறந்து பார்க்கப்போகிறவர்.

எனக்கு மிகவும் பிடித்த பொருள் கருப்பட்டி. வேம்பார்ப் பக்கம் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவார்கள். எடுத்துக் கவிழ்த்தால் சிரட்டையின் உட்புறக் கோடுகள் அதன் மேல் அப்படியே பதிந்திருக்கும். முன்னால் இருந்து வெளிச்சம் அடித்தால் அது வெறும் கறுப்பு உருண்டை. தாழ்ந்த ஜன்னல் வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து விட்டு, எதிர்ப்பக்கம் கறுப்பு அட்டை வைத்தால் கோடுகள் எழும்பும். ஒன்றை உடைத்து வைப்பது அவசியம். உடைந்த முகத்தில் மணிமணியாக, தேன் நிறத்தில் ஒரு ஒளி ஓடும். வாங்குகிறவர் தேடுவது அதைத்தான்.

தொழில் ஆண்டு முழுக்க ஓட வேண்டுமானால் கடற்கரைப் பஞ்சாங்கம் மனதில் இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அந்த வெயிலில்தான் உப்பும் கருப்பட்டியும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளம் ஓய்ந்துவிடும். அப்போது தூத்துக்குடி மக்ரூனும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் கை கொடுக்கும். மிட்டாய்க்கு 2020-லும், மக்ரூனுக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் பெட்டி மேல் நல்ல படம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். மழை நாளில் மக்ரூன் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

ஊட்டி லவ்டேலில் இக்பால் முகமதுவும் அனுராதா இக்பாலும் 2001-ல் தொடங்கிய லைட் அண்ட் லைஃப் அகாடமி போன்ற இடங்களில் விளம்பரப் புகைப்படத்தை முறையாகப் படிக்கலாம். முடிந்தவர்கள் படிக்க வேண்டும். ஆனால் தனியாகத் தொழில் செய்ய வரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் பேசுவது காகிதத்தைப் பற்றி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச்சொன்ன புகைப்படத்துக்கு அவரே முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அந்த ஒப்பந்தத்தைப் படம் எடுக்குமுன் எழுதி வாங்க வேண்டும். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவும் செய்துகொள்ளுங்கள். அது இருந்தால், 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி வேலை கொடுத்தவர் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தால் வட்டி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நான் அனுப்பும் விலைத்தாளில் எடுக்கும் நாளுக்கு ஒரு கூலி, பயன்பாட்டுக்குத் தனியாக ஒரு தொகை. இணையக் கடைக்கு ஒரு விலை, பாக்கெட் உறைக்கு வேறு, நெடுஞ்சாலைப் பலகைக்கு அதற்கும் மேல். எந்த ஊர்களில், எத்தனை ஆண்டு என்றும் எழுதியிருக்கும். வியாபாரம் விரிந்தால் அதே நிறுவனம் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூப்பிடும். அப்போது பழைய கோப்பை எடுத்து அனுப்பி, புதிய பில் போட்டால் போதும்.